சுனாமி நினைவிடம் கட்டப்போகிறோம்: லெனின்கிராட்டிலிருந்து எதை எடுக்கலாம்?

கரைவலை (திருகோணமலை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளிக்கு வடக்கே, நிலாவெளி ரோட்டை அண்டிய மீன்பிடிக் கிராமம் எங்களது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் போனவர்களுக்கு இன்றுவரை நிரந்தரமான நினைவிடம் ஒன்று இல்லை. வருடா வருடம் கடற்கரையில் பந்தல் போட்டு, படங்களை வரிசையாக வைத்து விளக்கேற்றுவோம். ஐயரும் வருவார், பாதரும் வருவார். பின்னேரம் பந்தலைக் கழற்றிவிடுவோம். இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மீனவர் சங்கம் ஒரு குழு போட்டது, அதில் நானும் இருக்கிறேன்.

குழுத் தலைவருக்குப் பெரிய சிலைதான் வேண்டும். இருபது அடி உயரம், கையில் துடுப்போடு ஒரு மீனவர், கொங்கிரீட்டில் கட்டிப் பெயின்ட் அடிப்பது என்பது அவருடைய திட்டம். என் மகன் ரஷ்யாவில், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் மருத்துவம் படிக்கிறான். முந்தி லெனின்கிராட் என்று சொன்ன நகரம் அதுதான். அவன் அந்த நகரத்துச் சிலைகளின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினான். பாறையின் மேல் குதிரை பாய்கிற சிலையைக் கண்ட தலைவர் இன்னும் உறுதியாகிவிட்டார். "பார், பெரிய ஊருகளில எல்லாம் உயரமாத்தானே வைக்கிறாங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்ல ஒரு நியாயம் வேண்டும்.

போர்க்காலத்தில் அதே நகரத்தில் லட்சக்கணக்கான சனம் பட்டினியால் செத்ததாகவும், அவர்களுக்கும் அங்கே நினைவுச் சின்னங்கள் இருப்பதாகவும் மகன் சொன்னான். எனக்கு அதுதான் வேண்டும். அரசனும் தளபதியும் இல்லாத, வெறும் சனத்துக்கு அவர்கள் எப்படி நினைவிடம் வைத்தார்கள்? அதில் எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு உதவுவது எது? அங்கே படித்தவர்கள் இங்கே கனபேர் இருப்பீர்கள்.

இடம் பழைய சங்கக் கட்டிடம் இருந்த காணி. கடல் பக்கத்திலேயே. கட்டிடம் அன்றைக்கே போய்விட்டது, மேற்குப் பக்கச் சுவர் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. அதை உடைத்துத் துப்புரவாக்கிவிட்டுத்தான் பீடம் போட இருக்கிறோம். பெயர்ப் பட்டியல் கையால் எழுதினால் இரண்டு கொப்பித் தாள் வரும்.

அலஸ்தோட்டத்தான் எழுதியது:

ரஷ்யாவுக்குப் போக முதல், நீங்கள் ரவுணுக்கு வருகிற நிலாவெளி ரோட்டிலேயே யுத்த மயானம் இருக்கிறது, ஒருக்கா உள்ளே இறங்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். அங்கே அதிகாரி என்றும் சாதாரண சிப்பாய் என்றும் கல்லில் உயர்வு தாழ்வு கிடையாது, எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. புல்லை வெட்டிக் கல்லைக் கழுவி வைத்திருக்கிறார்கள். உங்கள் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருபது அடிக்குச் செலவழிக்கிற காசு இருந்தால், அதில் பாதியைப் பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டு வையுங்கள் என்பதுதான் என் கருத்து.

பழைய லெனின்கிராட் மாணவன் எழுதியது:

தம்பி, நான் திருமலைக்காரன். 80களில் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து லெனின்கிராட்டில் கட்டடப் பொறியியல் படித்தேன். திரும்பி வந்தபிறகு வேலையெல்லாம் கிழக்கு மாகாணத்துக் கரையோரக் கட்டடங்களோடுதான். அதனால் அந்த ஊர்க் கல்லைப் பற்றியும் சொல்லலாம், நம் ஊர் உப்புக்காற்றைப் பற்றியும் சொல்லலாம். நீளமாக வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தலைவர் கண்ட குதிரை. அது செனற் சதுக்கத்தில் நிற்கும் முதலாம் பீற்றர் சிலை. பிரெஞ்சுச் சிற்பி ஃபல்கோனே செய்தது, பீற்றரின் தலையை அவருடைய மாணவி மரி ஆன் கொலோ வடித்தார். திறந்தது 1782. அடியில் இருக்கிற பாறையை லக்தா என்ற இடத்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 1,500 தொன் என்று சொல்வார்கள். நிலம் உறைந்து கிடந்த குளிர்காலத்தில், தவாளிப்புக்குள் வெண்கலக் குண்டுகளைப் போட்டு அவற்றின்மேல் பாறையை உருட்டிக் கடற்கரை வரை இழுத்து, பிறகு மிதவையில் ஏற்றினார்கள். பொறியியல் மாணவனாக அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். பெரிய வேலைதான். ஆனால் பீடத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: முதலாம் பீற்றருக்கு இரண்டாம் கத்தரீன். ஒரு அரசி, தான் பெரிய அரசன் ஒருவனின் வழியில் வந்தவள் என்று ஊருக்குக் காட்ட வைத்த சிலை அது. அண்ணாந்து பார்க்க வைப்பதுதான் அதன் வேலை, அதற்கு உயரம் வேண்டும். உங்கள் இரண்டு கொப்பித் தாளில் இருக்கிறவர்களில் யாரை நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள்? பக்கத்தில் நின்று வலை இழுத்தவர்கள் அல்லவா? கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

இனி முற்றுகை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராட்டைச் சுற்றி வளைத்து வைத்திருந்த காலம். 1941 செப்டெம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரையான நாட்களில் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு நாளைக்குக் கொடுத்தது 125 கிராம் பாண், அதுவும் சுத்த மாவில் சுட்டதல்ல. அந்த முதல் குளிர்காலத்தில்தான் சனம் கூட்டம் கூட்டமாகச் செத்தது.

முற்றுகையில் செத்தவர்களில் மிகப் பலர் நகரத்தின் வடக்கே பிஸ்கரியோவ்ஸ்கோயே மயானத்தில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் பொதுமக்கள், 70 ஆயிரம் படையினர். நினைவிடமாகத் திறந்தது 1960 மே 9. உள்ளே போனால் முதலில் அணையா நெருப்பு. அப்புறம் இரண்டு பக்கமும் புல் மூடிய நீண்ட மேடுகள், மொத்தம் 186. ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் ஒரு கருங்கல். கல்லில் ஆண்டு மட்டும் இருக்கும். பொதுமக்கள் என்றால் அரிவாளும் சுத்தியலும், படையினர் என்றால் நட்சத்திரம். பெயர் இல்லை. 1942, 1942, 1942 என்று நடக்க நடக்க வந்துகொண்டே இருக்கும். நடந்து முடிகிற இடத்தில் வேரா இசாயெவாவும் ரொபேர்ட் தவுரித்தும் வடித்த தாய்நாட்டுச் சிலை, கையில் ஓக் இலை மாலையோடு நிற்கிறது. பின்னால் கருங்கல் மதில். முற்றுகைக் காலம் முழுக்க நகர வானொலியில் பேசிய கவிஞர் ஒல்கா பெர்கோல்ட்ஸ் எழுதிய வரிகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. இத்தனை பேரின் பெயரையும் இங்கே எழுத எங்களால் முடியவில்லை என்று அந்தக் கல்லே ஒத்துக்கொள்கிறது. யாரும் மறக்கப்படவில்லை, எதுவும் மறக்கப்படவில்லை என்று உலகமெல்லாம் சொல்கிற வாசகமும் அங்கேயே இருக்கிறது.

தம்பி, அவர்களால் முடியாதது உங்களால் முடியும். நான்கு லட்சம் பெயரை அவர்கள் எங்கே வெட்டுவார்கள்? உங்களிடம் இரண்டு தாள்தான் இருக்கிறது. முழுப்பெயரையும், இன்னாருடைய மகன், இன்னாருடைய பெண்சாதி என்பதையும், வயதையும் எழுத இடம் இருக்கிறது. உங்கள் நினைவிடத்தின் நடுப்பொருள் அந்தப் பெயர்கள்தான். சிலை வந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் வரட்டும்.

உருவம் வேண்டும் என்று சனம் கேட்டால், நகரத்தின் தெற்கு வாசலில், வெற்றிச் சதுக்கத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். 1975 மே 9 திறந்தது. சிற்பி மிகாயில் அனிகூஷின். நடுவில் 48 மீற்றர் தூண் ஒன்று நிற்கிறது, அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதைச் சுற்றி வெண்கல மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் போங்கள். போர்முனை இருந்த தெற்குப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். படையினரோடு பதுங்குகுழி வெட்டிய பெண்களும் வார்ப்பாலைத் தொழிலாளரும் நிற்கிறார்கள். அந்த நகரத்தைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் மண்வெட்டியோடு போய் மண் வெட்டினார்கள், அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். பிறகு படியிறங்கி, முற்றுகை உடைந்ததைக் காட்டக் கட்டிய உடைந்த வளையத்துக்குள் போனால் 'முற்றுகை' என்ற சிற்பக் கூட்டம் தனியாக இருக்கிறது. அது உயரத்தில் இல்லை, கிட்டத்தட்ட உங்கள் கண்மட்டம். செத்த பிள்ளையைக் கையில் ஏந்திய தாய். சோர்ந்து விழுகிற ஒருத்தியைத் தாங்கிப் பிடிக்கிற இன்னொருத்தி. ஒரே சிற்பி, ஒரே இடம், வீரத்தை வெளியே பீடத்தில் வைத்தார், துக்கத்தை உள்ளே கீழே இறக்கி வைத்தார். முற்றுகைக் காலத்தைக் கண்ட மனிதர் அவர். எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது நான் இவ்வளவும் எழுத முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். அந்தச் சுவரை உடைக்காதீர்கள்!

நேவ்ஸ்கி வீதியில் அனிச்கோவ் பாலம் என்று ஒன்று. அதில் குளோட் என்ற சிற்பி செய்த நான்கு குதிரைச் சிலைகள். முற்றுகை தொடங்கியதும் அவற்றைக் கழற்றிப் பக்கத்துத் தோட்டத்தில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள், போர் முடிந்ததும் தோண்டியெடுத்துத் திரும்ப வைத்தார்கள். ஆனால் ஒரு பீடத்தின் கருங்கல்லில் குண்டுச் சிதறல் பட்டுக் கல் தெறித்துப் போயிருந்தது. அதைப் பூசி மூடவில்லை. இன்றைக்கும் அந்தக் காயம் இருக்கிறது, பக்கத்தில் சின்னப் பலகை: லெனின்கிராட் மேல் அடித்த 1,48,478 எறிகணைகளில் ஒன்றின் தடம் என்று. பீடத்தின் விளிம்பு நேராக வந்து, அந்த இடத்தில் மட்டும் கடித்து எடுத்தது மாதிரி உள்வாங்கியிருக்கும். கை வைத்தால் வெட்டு விளிம்புகள் விரலில் தெரியும். அந்த ஊரில் எத்தனையோ வெண்கலத்தைப் பார்த்தேன், போர் என்பது அந்தக் கல்லில்தான் எனக்குப் பிடிபட்டது.

உங்கள் காணியில் கடல் தானே செய்து விட்டுப்போன சின்னம் ஒன்று நிற்கிறது. அதை உடைத்துவிட்டு, அது நடந்தது என்று சொல்ல வேறொரு கொங்கிரீட்டைக் கட்டப் போகிறீர்கள். சுவரை நிறுத்துங்கள். அதைச் சுற்றி மற்றதை யோசிக்கலாம்.

கொங்கிரீட் சிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் பக்கத்தில் உப்பு மெல்ல மெல்லக் கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மேலே இருக்கிற கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சிலையில் மெல்லிய பகுதிகள் விரல், துடுப்பு, மூக்கு. அங்கே கம்பிக்கு மேல் கொங்கிரீட் அரை அங்குலம்கூட இருக்காது, ஆகவே அவைதான் முதலில் போகும். உங்கள் பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகும்போது விரல் இல்லாத மீனவர் ஒருவர் நிற்பார். அதைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்காது.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். சுவர் விஷயத்தில் முழுச் சம்மதம். ஆனால் பெயர்கள் போதும், உருவம் பிறகு பார்க்கலாம் என்ற மாதிரி எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஆச்சிமார் சிலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர்கள் வருடா வருடம் பந்தலுக்கு வந்து படத்தைத்தான் தடவுகிறார்கள். படத்துக்குத்தான் பூ வைக்கிறார்கள். நாளைக்குக் கருங்கல்லில் நூறு வரி எழுத்தை வைத்துவிட்டு "உங்கட மகன் இதில இருக்கிறார்" என்றால் அவர்கள் எதைத் தொடுவார்கள்? எது தன் பிள்ளையின் பெயர் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த மயானத்திலும் கடைசியில் மாலையோடு ஒரு தாய் நிற்கத்தானே வேண்டியிருந்தது?

கல் நடுவது நமக்குப் புதிதும் இல்லை. நடுகல்லுக்குக் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை நம் பழைய இலக்கணம் ஆறு படி சொல்லி வைத்திருக்கிறது. அதில் பெயரும் உண்டு, உருவமும் உண்டு, வந்து படைக்கிற ஊரும் உண்டு. மூன்றும் வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் போகாத ஒரு தாய், அல்லது ஒரு தாயும் பிள்ளையும், பக்கத்தில் போய்த் தொடக்கூடியதாக. அவ்வளவுதான் நான் கேட்பது.

நேவாக் கரை மாணவி எழுதியது:

வணக்கம். நான் மூதூர். இப்போது பீற்றர்ஸ்பேர்க்கில்தான் படிக்கிறேன். ஐயா சொன்ன இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். டீச்சர் கேட்டதற்கு ஒரு பதில் அங்கே கண்ணால் கண்டேன்.

பிஸ்கரியோவ்ஸ்கோயேயில் சனம் பூவோடு மட்டும் வருவதில்லை. ஆண்டு எழுதிய அந்தக் கல்லில் பாண் துண்டும் டொஃபியும் வைத்துவிட்டுப் போவார்கள். ஜனவரி 27 முற்றுகை நீங்கிய நாள். பனி மூடிய கல்லைக் கையுறையால் துடைத்துவிட்டு, கறுப்புப் பாண் துண்டு ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் காகிதம் சுற்றிய டொஃபி இரண்டை வைத்தார் ஒரு வயதான அம்மா. தன் ஆட்கள் எந்த மேட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆண்டைப் பார்த்து வைக்கிறார்கள். ஆகவே வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் தேவைப்படுவது எதையாவது வைக்க ஓர் இடம் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கல்லுக்குக் கீழே இடுப்பளவில் ஒரு திண்ணைத் தட்டு வைத்தால், வெற்றிலை வைப்பவர் வெற்றிலை வைக்கட்டும், மெழுகுதிரி ஏற்றுபவர் ஏற்றட்டும்.

இன்னும் சில இடங்கள் சொல்கிறேன். நேவ்ஸ்கி வீதி 14ஆம் இலக்கக் கட்டடச் சுவரில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: எறிகணை அடிக்கும்போது வீதியின் இந்தப் பக்கம் அதிக ஆபத்தானது என்ற போர்க்கால எச்சரிக்கை. அதைத் திரும்ப எழுதி அப்படியே வைத்திருக்கிறார்கள். நினைவு நாட்களில் அதன் கீழே நடைபாதையில் பூக்கள் குவியும். சிலையே கிடையாது! ஃபொன்தான்கா ஆற்றங்கரையில், சனம் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் அள்ளிய இடத்திலும் ஒரு சின்னம் இருக்கிறது. எந்தத் தளபதியும் அங்கே ஒன்றும் செய்யவில்லை. வாளியோடு வந்து தண்ணீர் அள்ளினார்கள், அது போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

லடோகா ஏரிக்கரையில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. முற்றுகைக்குள் இருந்த நகரத்துக்கு உறைந்த ஏரியின் மேலால்தான் லொறிகள் மாவு கொண்டுவந்தன, சனத்தை ஏற்றிக்கொண்டு போயின. அந்தப் பாதை ஏரிக்குள் இறங்குகிற இடத்தில் 1966இல் கொன்ஸ்தந்தீன் சிமூன் இரண்டு கொங்கிரீட் வளைவுகளை நிறுத்தினார். இரண்டும் மேலே ஒன்றையொன்று தொடாது. முற்றுகை வளையம் உடைந்த இடம் அந்த வெளி. கீழே கொங்கிரீட்டில் லொறி டயர் தடம் பதித்திருக்கிறது, அது நேராகத் தண்ணீருக்குள் போகிறது. மனித உருவம் ஒன்றுகூட இல்லை, ஆனால் அங்கே போனால் சனம் அந்தத் தடத்தில்தான் நின்று ஏரியைப் பார்க்கிறது.

அப்புறம் மரம். 1945 இலையுதிர்காலத்தில், போர் முடிந்த கையோடு, நகரத்துச் சனமே வந்து மரக்கன்று நட்டு உருவாக்கிய பூங்கா ஒன்று இருக்கிறது, மொஸ்கோவ்ஸ்கி வெற்றிப் பூங்கா. அந்த இடத்தில் இருந்த செங்கல் சூளையில்தான் முற்றுகைக் காலத்தில் இறந்தவர்களை எரித்தார்கள். இப்போது பெரிய மரங்கள், பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். உங்கள் காணியில் புன்னையும் பூவரசும் நடலாமே. கடற்காற்றுக்கு இரண்டும் நிற்கும், வருகிற ஆச்சிமாருக்கு நிழலும் ஆகும்.

கரைவலை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, அக்கா, தங்கச்சி எழுதியதையெல்லாம் அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவர் முதலில் கோபித்தார். இன்னாரின் மகன், இன்னாரின் பெண்சாதி என்று பெயரை விரித்து எழுதலாம் என்ற பகுதி வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய தம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். இருபது அடி இப்போதைக்குக் கைவிடப்பட்டது.

கூட்டம் முடிந்து எல்லோரும் சுவரைப் பார்க்கப் போனோம். செங்கல் சுவர், பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. நிலத்திலிருந்து நெஞ்சளவு உயரத்தில் ஒரு வெடிப்பு குறுக்கே ஓடுகிறது. உள்பக்கம் மேலே, மீன் நிறுக்கத் தராசு தொங்கவிடுகிற இரும்புக் கொளுக்கி இன்னும் இருக்கிறது! பற்றையை வெட்டின பிறகுதான் கண்டோம். எங்கள் அப்பாமார் எல்லோரும் அந்தக் கொளுக்கியில்தான் நிறுத்தார்கள். அதைக் கண்டதும் ஒருவரும் சுவரை உடைக்கிற கதை எடுக்கவில்லை.

ஆனால் பெயரில் சிக்கல் வந்திருக்கிறது. ஒன்று, உடல் கிடைக்காதவர்கள். "காணாமல் போனவர் என்று தனியாகப் போடு" என்கிறார்கள் சிலர், அவர்களுடைய வீட்டாருக்கு அது விருப்பமில்லை. இரண்டு, அன்று காலை மீன் எடுக்க வந்திருந்த வெளியூர் வியாபாரிகள். ஒருவர் முஸ்லிம், கிண்ணியாப் பக்கம். இன்னொருவரின் பெயரே யாருக்கும் சரியாகத் தெரியாது, சைக்கிளில் வருவார். மூன்று, பெயருக்கு மேல் சூலமா, சிலுவையா? என்ன செய்யலாம்?

பழைய லெனின்கிராட் மாணவன் எழுதியது:

அந்தக் கொளுக்கிச் செய்தி என்னைச் சந்தோஷப்படுத்தியது தம்பி. டீச்சர் கேட்ட உருவம் அதுவாகவே இருக்கலாம். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தக் கொளுக்கியைத் தெரியும். தாயும் பிள்ளையும் வேண்டும் என்று ஊர் விரும்பினால், ஆளுயரத்தில், கருங்கல்லில் வெட்டுங்கள், சுவரிலிருந்து தள்ளி மரத்தடியில் வையுங்கள். டீச்சர் சொன்னது சரி, தொடுவதற்கு ஒன்று வேண்டும்.

பெயர் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன். கிடைத்த உடல், கிடைக்காத உடல் என்று கல்லில் பிரிக்காதீர்கள். அன்று அந்தக் கரையில் இருந்தவர் எல்லோரும் ஒரே கல்லில். அகர வரிசையும் வேண்டாம். கரையோரமாக வீடுகள் இருந்த வரிசையிலேயே பெயர்களைப் போடுங்கள், ஒரு வீட்டார் ஒன்றாக இருக்கட்டும். ஆச்சி எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்கு அடுத்தது தன் வீடு என்று எண்ணிப் போய்த் தன் பிள்ளையின் இடத்தைக் கண்டுபிடிப்பார். கிண்ணியா வியாபாரியின் வீட்டாரைத் தேடிப் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். சைக்கிள் வியாபாரியை ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அந்தப் பெயரையே வெட்டுங்கள். பிறகு உண்மைப் பெயர் கிடைத்தால் சேர்க்க ஒரு வரி இடம் விடுங்கள். மதச் சின்னம் எதுவும் வேண்டாம். தங்கச்சி சொன்ன தட்டு இருக்கிறது, அவரவர் தங்கள் வழியில் வைப்பார்கள்.

இனி வேலை. சுவரின் அத்திவாரத்தை ஒரு மூலையில் மட்டும், ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் போகாமல் தோண்டிப் பார்த்துப் படம் அனுப்புங்கள். ஒரேயடியாக நீளத்துக்குத் தோண்டினால் சுவர் சரிந்துவிடும். அதுவரை இரண்டு பக்கமும் மரத்தால் முட்டுக் கொடுங்கள். வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைக்க வேண்டாம். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் தைத்து, சுண்ணாம்புச் சாந்தால் தண்ணீர் இறங்காத அளவுக்கு மட்டும் நிரப்பலாம், கோடு வெளியே தெரியட்டும். பின்பக்கம் நிலத்துக்குள் அடித்தளம் போட்டு இரண்டு தாங்குதூண் கொடுத்தால் போதும். அந்தக் கொங்கிரீட்டுக்குக் கழுவாத கடல் மணல் ஒரு கூடைகூட வேண்டாம், கம்பிக்கு மேல் குறைந்தது இரண்டு அங்குலம் கொங்கிரீட் இருக்க வேண்டும். மேசனிடம் இதை இரண்டு தரம் சொல்லுங்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

பெயர்க் கல்லைக் கடலைப் பார்த்து வைக்காதீர்கள். வாடைக்காற்று மணலோடு வந்து எழுத்தைத் தேய்க்கும். சுவரின் நிலப்பக்கம் வையுங்கள், சுவரே மறைப்பாக நிற்கும். எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், விரல் வைத்தால் பள்ளம் தெரிய வேண்டும். பெயின்ட் நிரப்பினால் சில வருடத்தில் போய்விடும், எழுத்தின் ஆழம்தான் நிற்கும். வெட்ட முதல் காகிதத்தில் முழு அளவில் எழுதி ஒவ்வொரு வீட்டாரிடமும் காட்டி எழுத்துப் பிழை பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கொளுக்கியைச் சுரண்டிப் புதிதாக்க வேண்டாம். தளர்ந்த துருவை மட்டும் தூரிகையால் தட்டிவிட்டு, துருவை நிறுத்துகிற கலவையைப் பூசி, மேலே மெழுகு கொடுங்கள், வருடம் ஒருமுறை அந்தப் பூச்சைப் புதுப்பியுங்கள். அது எவ்வளவு ஆழம் சுவருக்குள் போகிறது என்று பாருங்கள், செங்கல் தளர்ந்திருந்தால் அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்து.

காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வரும், ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அனுமதி எடுக்க வேண்டும், பிரதேச சபைக்கும் ஒரு பிரதி. சுவரைக் காப்பாற்றுவதாகவே விண்ணப்பத்தில் எழுதுங்கள், பழைய கட்டடத்தின் படம் யாரிடமாவது இருந்தால் இணையுங்கள். தாங்குதூண் வேலை மாரி தொடங்க முதல் முடிய வேண்டும், அந்தச் சுவர் இன்னொரு ஐப்பசி மழையை முட்டு இல்லாமல் தாங்கும் என்று நான் நம்பவில்லை. அத்திவாரப் படத்தை முதலில் அனுப்புங்கள், அளவோடு வரைந்து தருகிறேன்.